பலகை நடுவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் நாலு தடவை போய் வாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு விளம்பரப் பலகைக் கடை. கணவர் இரும்புச் சட்டம் ஒட்டுவார், தம்பி மகன் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வான், இடம் பார்ப்பது என் வேலை. இந்த வேலை அப்பாவிடமிருந்து வந்தது. தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீட்டு நம்பரும் லோரிக் கதவில் கம்பெனிப் பெயரும் எழுதியவர் அவர். ஜிங்க் தகட்டில் தூரிகையால் எழுதிய காலம். எழுதி முடித்ததும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்து போவார். எழுத்து மங்குகிற இடத்தில் செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார். "இவ்ளோ தூரந்தான் இது பேசும்" என்பார்.

கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், "அக்கா, நெறைய வண்டி போற எடமா பாத்துக் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "ஒங்க கடைக்கு வர்றவங்க யாரு? எத்தன மணிக்கு, எந்தப் பக்கமா போறப்ப ஒங்க ஞாபகம் அவங்களுக்கு வரணும்?" அதற்குப் பதில் தெரியாமல் இடம் பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நானே சொந்தக் காசில் கற்றுக்கொண்டேன்.

ஈப்போ போகும் சாலையில் ஒரு பசியாறும் கடை. அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நல்ல நிலம் கிடைத்தது, வாடகையும் குறைவு. "காலை 6 மணிக்கே இட்லி" என்று கொட்டை எழுத்தில் போட்டு நட்டுவிட்டோம். பலகையின் முகம் ஈப்போவிலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருந்தது. காலையில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவன் கண்ணில் பட்டது அதன் முதுகு, வெறும் இரும்புக் கம்பி. சாயந்தரம் களைத்துத் திரும்புகிறவனுக்குத்தான் இட்லி தெரிந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த கடைக்காரர் ஒருநாள் போன் செய்தார்: "அக்கா, ஒங்க பலகையப் பாத்துட்டு நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தரு இட்லி கேட்டு வந்தாரு." எங்கள் செலவிலேயே பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டுக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து எந்தச் சாலையையும் காலைப் பக்கம், மாலைப் பக்கம் என்று பிரித்துத்தான் பார்க்கிறேன். பசியாறும் கடை, பெட்ரோல், டயர் எல்லாம் காலைப் பக்கம். வேலைக்குப் போகும் வழியில் டயரில் காற்று குறைந்திருப்பது தெரிந்தால், அவனுக்கு அப்போதே கடை வேண்டும். டியூஷன், துணிக்கடை, நாற்காலி மேசை, கல்யாண மண்டபம் எல்லாம் மாலைப் பக்கம். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் மனைவி சொன்னதும் பிள்ளை கேட்டதும் நினைவுக்கு வரும்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்பதும் மாறிவிட்டது. அப்பா காலத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் தோட்டத்து முகப்பில் பலகை வைத்தால் போதும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிறவர்களும் பட்டணத்துக்கு வருகிறவர்களும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது பல லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். நம்மவர்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், தோட்டத்துக்குப் போவது கோயில் திருவிழாவுக்குத்தான். ஆகவே நகைக்கடைப் பலகையைத் தோட்டத்து வாசலில் வைக்கச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, போன் கடை என்றால் அதே வாசல்தான் நல்ல இடம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதையடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சாலையில் நின்று பாருங்கள், யாருக்குப் பலகை என்பது விளங்கிவிடும்.

தமிழ்க் குடும்பங்களைப் பிடிக்க வேண்டுமா? தமிழ்ப்பள்ளி விடுகிற நேரம், பெற்றோர் மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் எதிர்ச் சாரி. தாமானுக்குள் நுழையும் முச்சந்தி. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடும் தெருவின் முனை. ஆள் காத்திருக்கிற இடத்தில் கண்ணுக்கு வேலை இல்லை. கிடைத்ததைப் படிக்கும். அந்தக் காலத்தில் ரயில் கேட்டுதான் ராஜா இடம் என்பார் அப்பா. கேட்டு விழுந்தால் கார்க்காரன் பலகையில் உள்ள போன் நம்பர் வரை மனப்பாடம் பண்ணிவிடுவான். ஈப்போவுக்கும் பாடாங் புசாருக்கும் இடையே இரட்டைத் தண்டவாளம் வந்தபோது கேட்டுகள் போய் மேம்பாலங்கள் வந்தன. மேம்பாலத்தில் யாரும் நிற்பதில்லை. அந்த ராஜா இடத்துக்குப் பதிலாக இப்போது பஸ் ஸ்டாப்பும் சமிக்ஞை விளக்கும் ஏடிஎம் வரிசையும்தான்.

வேகத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். கூட்டரசுச் சாலையில், அதாவது மத்திய அரசின் நெடுஞ்சாலையில், 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகும். எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் சுமார் 30 அடியிலிருந்து தெளிவாகப் படிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. ஓர் அடி உயர எழுத்தென்றால் 360 அடி, ஏறக்குறைய 110 மீட்டர். அதாவது நாலு விநாடிதான். அதிலும் கடைசி ஒரு விநாடியில் பலகை கண்ணாடிக்கு வெளியே போய்விடும். மிச்சம் மூன்று விநாடியில் எத்தனை வார்த்தை படிப்பான்? நாலு அல்லது ஐந்து. அதே பலகையைத் தாமான் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரில் வருகிறவர் பார்த்தால் எட்டு விநாடி கிடைக்கும், முகவரியும் சேர்த்துப் படிக்கலாம். இடத்தைத் தீர்மானிக்காமல் வாசகத்தைத் தீர்மானிக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பெருஞ்சாலைப் பலகையில் பதினொரு சேவைகளையும் மூன்று போன் நம்பரையும் போடச் சொல்லிக் கேட்பவரிடம், "ஐயா, இத நோட்டீஸா அடிச்சுக் குடுத்துடலாம்" என்பேன்.

நீண்ட நேர்சாலை முடிந்து வலப்பக்கம் திரும்புகிற இடத்தில், இடது ஓரமாகச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் நிலம் கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டுநரின் பார்வைக்கு நேரெதிரே நிற்கும், தலையைத் திருப்ப வேண்டியதில்லை. சாலைக்கு இணையாக, சுவரில் ஒட்டினாற்போல் வைக்கும் பலகை நடக்கிறவர்களுக்கு மட்டுமே. ஆனால் வளைவின் விளிம்பிலேயோ முச்சந்தி மூலையிலேயோ நட்டு, எதிரே வரும் வண்டியை மறைத்துவிடாதீர்கள். வேகத்தடைப் பலகை, எச்சரிக்கைப் பலகை எதுவும் உங்கள் பலகைக்குப் பின்னால் மறையக் கூடாது. ராத்திரியில் சிவப்பு, பச்சை விளக்கு மின்னினால் சமிக்ஞை விளக்கோ என்று குழம்பி ஒருவன் பிரேக் போடுவான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது மரம். வெளியூரிலிருந்து விளம்பரக் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து, போட்டோ பிடித்து, போய்விடுவார்கள். மரம் வளரும் என்பது போட்டோவில் தெரியாது.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், இங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்குள் இலை உதிர்க்கும். அந்த நேரத்தில் பார்த்தால் சிறுதோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நிலம்கூடச் சாலையிலிருந்து பளிச்சென்று தெரியும். "அடடா, இவ்வளவு மலிவா!" என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஜூனில் வந்து பார்த்தால் பச்சைச் சுவர்தான் இருக்கும். பால்மரம் பக்கத்தில் இருந்தால் தளிர் விட்டு அடர்ந்த பிறகு ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) வேறு விதம், அது மெதுவாக ஏமாற்றும். பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த நிலம் இரண்டு மூன்று வருஷம் மைதானம் மாதிரி இருக்கும். அந்த ஓரத்தில் நட்ட பலகை கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். நாலாவது வருஷம் மட்டைகள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், அப்புறம் தண்டு வருஷத்துக்கு ஓர் அடி, ஒன்றரை அடி என்று ஏறும். அடுத்த மறுநடவு ஏறக்குறைய 25 வருஷம் கழித்துத்தான். ஆகவே இளஞ்செடி நிலத்து ஓரத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம் கேட்டால் இரண்டு வருஷத்துக்குச் சம்மதியுங்கள். தலைகீழாகவும் யோசிக்கலாம். கிழமரங்கள் நிற்கும் இடத்தில் எப்போது சாய்க்கப் போகிறார்கள் என்பது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் சொல்வார்.

வெயிலைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். கோல கங்சார் இங்கிருந்து மேற்கே. சாயந்தரம் அந்தப் பக்கம் போகிறவனுக்குச் சூரியன் நெற்றிக்கு நேரே. அவனைப் பார்த்து நிற்கும் பலகைக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம், முன்பக்கம் கறுத்துப்போய் எழுத்தே தெரியாது. காலையில் அதே பலகை முகம் கழுவினாற்போல் பளபளக்கும். மாலைக் கூட்டத்தை நம்பி அங்கே பணம் போடுவதானால் விளக்கு வைக்கும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கு முகமாக நிற்பதற்கு வேறு நோய்: பிற்பகல் வெயில் முழுக்க வாங்கிச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். தார்ப்பாலின் துணியாக இருந்தால் மறு அச்சுச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் விடியற்காலையில் சுமாத்ரா பக்கமிருந்து அடிக்கும் புயல்காற்றில் துணி பாய்மரமாகிச் சட்டத்தையே சாய்த்துவிடும்.

இதெல்லாம் பொருந்திய பிறகுதான் நிலம் யாருடையது என்ற விசாரணை. சாலை ஓரத்தில் புல் வெட்டி வைத்திருக்கும் பட்டை உங்களுடையதுமில்லை, பக்கத்துத் தோட்டத்துடையதுமில்லை. பெரும்பாலும் சாலைக்காக ஒதுக்கப்பட்டது, கூட்டரசுச் சாலையானால் பொதுப்பணி இலாகாவைக் கேட்க வேண்டும். தோட்ட நிலத்தில் தொரை (தோட்ட மேலாளர்) வாயால் "சரி" என்றால் நடக்காது, கம்பெனித் தலைமையகத்துக் கடிதம் வேண்டும். தொரை மாற்றலாகிப் போனதும் எங்கள் பலகை ஒன்று வேலியோரம் படுத்துக் கிடந்தது. விளம்பர உரிமம் எங்கள் பக்கத்தில் கோல கங்சார் நகராண்மைக் கழகத்தில். பெரிய அமைப்புக்குப் பொறியாளர் கையெழுத்தும் தேவைப்படும். வாசகத்தில் மலாய் முன்னுக்கும் பெரிதாகவும் இருக்க வேண்டும், மொழியை அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்கும். தமிழ் அதற்குக் கீழே சிறியதாக வரும். இதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். பிறகு அவர் பலகை அளவைப் பார்த்து முகம் சுருங்கக் கூடாதல்லவா. மரத்தில் ஆணி அடிப்பது, மின்கம்பத்தில் கட்டுவது வேண்டவே வேண்டாம். கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அபராதமும் வரும்.

இனி தலைப்பில் சொன்ன நாலு தடவை. வாடிக்கையாளரையே என் இ.எக்ஸ்.5 மோட்டாரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவதுண்டு. வேலை நாள் காலை ஆறரை, வேலை நாள் மாலை ஆறு, ஞாயிறு பத்து மணி, மழை பெய்கிற ஒரு சாயந்தரம். மழை நாள் ஏனென்றால், அன்று வைப்பருக்கு நடுவே தெரிகிற பலகைதான் மற்ற நாளிலும் தெரியும். ஒரு தடவைக்காவது நாமே காரில், சாலை வேகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஸ்டியரிங் பிடிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து "எங்க தெரிஞ்சது?" என்று கேட்பேன். "இதோ" என்று அவர் சொல்லும் இடத்திலிருந்து பலகை வரை விநாடியை எண்ணுவேன். இரண்டுக்குள் முடிந்தால் அந்த இடம் வேண்டாம்.

நட்ட பிறகு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்வேன். "எங்க பாத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு போட்டால் போதும். ஒரு டியூஷன் சென்டருக்கு மூன்று பலகை நட்டோம், பெருஞ்சாலையில் இரண்டு, லிந்தாங் சாலை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் வேலியில் சின்னதாக ஒன்று. டீச்சர் அந்தச் சின்னதை வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் கோடுகள் முழுக்க அதன் கணக்கில். இப்போது பெருஞ்சாலைப் பலகைகளில் ஒன்றைக் கழற்றி, இன்னொரு பஸ் ஸ்டாப்புக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.