மூளை ரத்தநாளச் சுவரின் அழற்சியைப் படமெடுப்பது எப்படி

வழக்கமான ஆஞ்சியோகிராம், ரத்தம் ஓடும் பாதை எங்கே குறுகியிருக்கிறது என்று காட்டும். ஏன் குறுகியது என்று சொல்லாது. கொழுப்புப் படிவா, நாள அழற்சியா, மூளைக் காசநோயின் விளைவா என்று அறிய நாளத்தின் சுவரையே பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. இயக்கும் நான், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது.

முதலில் நோயாளியைக் கவனியுங்கள். பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வரும் பெரியவர்களில் வெற்றிலை சீவல் போடுகிறவர்கள் அதிகம். வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடைவாயில் ஒரு சீவல் துணுக்கு இருந்தால்கூட எச்சில் ஊறும், விழுங்குவார், தலை அசையும். நமக்குத் தேவைப்படும் துல்லியமோ அரை மில்லிமீட்டர் அளவு. அந்த அசைவிலேயே சுவர் கலங்கிவிடும். மெட்டி, தாலிச் சங்கிலி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். பாட்டிமார்களின் மூக்குத்தித் திருகு பல வருடமாக இறுகிப்போயிருக்கும். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் பத்தரிடம் கழற்றிக்கொண்டு வருவார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர் என்றால் மருத்துவரைக் கேட்டே கடோலினியம் (படத்தில் சுவரை ஒளிரவைக்க ஊசியில் செலுத்தும் மருந்து).

3 டெஸ்லா காந்தவலிமை உள்ள இயந்திரம் நல்லது. ஓடும் ரத்தத்தைக் கறுப்பாக்கும் முப்பரிமாண டி1 படத்தை (எம்.ஆர்.ஐ. படவகைகளில் ஒன்று), மருந்தில்லாமல் ஒருமுறை எடுங்கள். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கடோலினியம்; வழக்கமான அரை மோலார் (ஒரு மில்லியில் 0.5 மில்லிமோல்) மருந்தென்றால் 60 கிலோ எடைக்கு 12 மில்லி. ஐந்து நிமிடம் போலப் பொறுத்து, ஓர் அளவையும் மாற்றாமல் அதே படத்தை மறுபடி எடுங்கள். நேரம் மிச்சமாகும் என்று இரண்டாவதைச் சுருக்கினால் ஒப்பிடவே முடியாது. செய்த வேலை முழுக்க வீண்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவர் முழுவட்டமாக ஒளிர்ந்தால் அழற்சியைச் சந்தேகிக்கலாம். ஒருபக்கம் மட்டும் தடித்து ஒளிர்ந்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. ஒட்டிச் செல்லும் சிரையும் ஒளிரும். அதைச் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. அனியூரிசக் குமிழுக்குள் (நாளச் சுவர் பலவீனமாகிப் புடைத்த இடம்) ரத்தம் மெதுவாகச் சுழல்வதால் அதன் ஓரம் வெளுத்துத் தெரிவதும் உண்டு; அதையும் சுவரின் ஒளிர்வு என்று எண்ணாதீர்கள்.

அண்மையில் அடைப்பை எடுக்கக் குழாய் செலுத்தியிருந்தால் அந்தச் சுவரும் ஒளிரும். ஆகவே குடும்பத்தாரிடம் கேட்டு, சிகிச்சை நடந்த தேதியைப் படிவத்திலேயே எழுதி, படத்தைக் கதிரியக்க மருத்துவருக்கு அனுப்புங்கள்.