நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்களை ஏற்றுவதற்காக வானோடு நின்றிருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில், வளர்ப்பாரின்றிக் குதிரைகள் திரியும் தீவு நெடுந்தீவு. அங்கிருந்து வந்த பின்னேர லோஞ்சிலிருந்து, அதாவது பயணிகள் படகிலிருந்து, ஒரு குடும்பம் இறங்கியது. தகப்பனின் கழுத்தில் பெரிய கமரா. "குதிரை பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். "தூரத்தில மண்ணிறமா ஏதோ நிண்டது அண்ணை. ஓட்டோக்காரர் அதுதான் எண்டார்" என்றார். பத்து வயது மகள் ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும். 2013இல் கனடாவிலிருந்து வந்த என் மருமகளும் இதே துறையில் இப்படித்தான் நின்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். குதிரை பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் காட்டியது கோட்டைச் சுவரும் காய்ந்த குதிரைச் சாணமும் பயந்து ஓடிய குதிரைகளும்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அந்தத் தீவுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். நான் அன்று விட்ட பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விடுவதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் நீங்களே அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்பிப் போவது

இலங்கைக்கு விடுமுறையில் வருகிறவர்கள் குதிரை என்றதும் முதலில் தேடுவது கொழும்பு ரேஸ்கோர்ஸ். அங்கே குதிரை இல்லை. 1893இல் கட்டிய பந்தயத் திடல் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் இறங்கும் ஓடுதளமாக மாறியது. இன்று அதில் ரக்பி விளையாடுகிறார்கள். பழைய பார்வையாளர் மாடத்தில் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. கட்டடம் வடிவானது, பார்க்கலாம். ஆனால் பிள்ளையிடம் "குதிரை காட்டப் போகிறேன்" என்று சொல்லி அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

நுவரெலியா கதை வேறு. 1875இல் தொடங்கிய அந்தத் திடலில் இன்றைக்கும் பந்தயம் நடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய ஏப்ரல் சீசனில் போனால் ஊரே அந்தத் திடலைச் சுற்றித்தான் நிற்கும். மற்ற மாதங்களில் பந்தயம் இல்லாத நாளில் போனால் புல்வெளி மட்டும்தான். திகதியை உறுதி செய்துகொண்டு அறை பிடியுங்கள். அறை பிடித்துவிட்டுத் திகதி தேடினால் இரண்டும் பொருந்தாது. சீசனில் அறை வாடகையும் ஏறிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மன்னாரில் குதிரை தேடுவது

மன்னாரில் நிற்பவை கழுதைகள். அவற்றையும் நின்று பாருங்கள், ஆனால் கழுதை என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

நெடுந்தீவை அரை நாளில் முடிக்கப் பார்ப்பது

இதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாத பிழை. பணமும் போகும், நாளும் போகும், குதிரைகளுக்கும் கெடுதி. விரிவாகவே சொல்கிறேன்.

வழமையாக நடப்பது இது. காலை ஆறரை ஏழுக்கு எழும்பி, ஆறுதலாகச் சாப்பிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகிறார்கள். 776 இலக்க பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வர ஒன்றரை மணி நேரம். காலை லோஞ்ச் போயிருக்கும். அடுத்ததற்குக் காத்திருந்து, கடலில் இன்னொரு மணி நேரம் ஆடி, மாவிலித்துறையில் இறங்கும்போது உச்சி வெய்யில். திரும்பும் லோஞ்ச் பின்னேரம் வெளிக்கிட்டுவிடும். இடையில் கிடைப்பது இரண்டு மணி நேரம், கூடிப்போனால் மூன்று.

துறையில் நிற்கும் ஓட்டோக்காரருக்கு ஒரு வழக்கமான சுற்று இருக்கிறது. மீகாமன் கோட்டை, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), வளர்வதாக ஊரார் சொல்லும் கல், குதிரை லாயத்துத் தூண்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய அந்தக் கோட்டைச் சுவரை நானே மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் குதிரை இந்தச் சுற்றில் கடைசியில் வரும். ஐம்பது சதுர கிலோமீற்றர் தீவு அது. வீடுகளும் பனைகளும் கல்வேலிகளும் உள்ள பக்கம் ஒன்று. குதிரைகள் மேயும் திறந்த வெளி இன்னொரு பக்கம். கடைசி முப்பது நிமிடத்தில் அந்த வெளிக்குப் போய்ச் சேரும்போது குதிரைகள் எங்கேயாவது அருமையாகக் கிடைக்கும் ஒரு நிழலில் ஒன்றின் வாலுக்குப் பக்கத்தில் மற்றதன் தலை இருக்கும்படி நெருங்கி நின்று, ஒன்றுக்கொன்று ஈ விரட்டிக்கொண்டு நிற்கும். அசையாது. வெகு தூரத்தில் மண்ணிறப் பொட்டுகள் போலத்தான் தெரியும்.

அப்போதுதான் இரண்டாவது பிழை நடக்கிறது. நேரம் இல்லை, வந்ததற்கு ஒரு படமாவது வேண்டும். "கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை" என்று ஓட்டோவைப் புல்வெளிக்குள் விடச் சொல்கிறார்கள். குதிரை ஓடுகிறது. ஓடினால் படம் நன்றாக வரும் என்று இன்னும் துரத்துகிறார்கள்.

2013இல் நானும் அதைத்தான் செய்தேன். மருமகளின் முகம் வாடியதைப் பார்த்ததும் ஓட்டோக்காரரை வற்புறுத்தினேன். அவர் வேண்டாம் என்றார்; நான் விடவில்லை. ஏழெட்டுக் குதிரைகள் கலைந்து ஓடின. ஒரு குட்டி, முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரியும் வயது, தாய் போன பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடிக் கல்வேலி மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் விலா ஏறி இறங்கியதை ஓட்டோவில் இருந்தபடியே எண்ணலாம் போல இருந்தது. தாய் தூரத்தில் நின்று கனைத்தது. நாங்கள் நின்றதால் அது கிட்ட வரவில்லை. ஓட்டோக்காரர் ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். மருமகள் அன்று இரவு சாப்பிடவில்லை. "மாமா, அதுக்குத் தாய் கிடைச்சிருக்குமோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

கோடையில் இது இன்னும் மோசம். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்து ஓய்ந்தால் அடுத்த மழைவரை குளங்களும் கேணிகளும் வற்றிக்கொண்டே போகும். கடும் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்துப்போன ஆண்டுகள் உண்டு. வெய்யிலில் ஒரு மட்டக்குதிரைக்கு நாளுக்கு 20 லீற்றர் அளவு தண்ணீராவது வேண்டும். அதைக் குடிக்கப் பல கிலோமீற்றர் நடந்து வந்த மிருகத்தை ஒரு படத்துக்காக வியர்க்க வியர்க்க ஓடவிடுவது என்ன நியாயம்?

சரி, எப்படிப் போக வேண்டும்? ஓர் இரவு தங்குங்கள். இதைத் தவிர வேறு வழி இல்லை என்றே சொல்வேன். தீவில் அறை கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. வசதி குறைவுதான், ஆனால் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். முதல் நாள் மதியம் கோட்டை, புறாக்கூடு எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள். பின்னேரம் நான்கரைக்கு மேல் குதிரைக்கு என்று மட்டும் புறப்படுங்கள். ஓட்டோவைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடவுங்கள்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அங்கே மாடு மேய்க்கும் ஒரு பெரியவர். "அதுகளைத் தேடித் திரியாதேங்கோ தம்பி. தண்ணிக்கு வரேக்க பாருங்கோ" என்றார். இரண்டு வருடம் கழித்து அவர் காட்டிய கேணிக்கு அப்பால், காற்று என் முகத்தில் படும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். நம் மணம் முதலில் போய்ச் சேர்ந்தால் அவை வராது. ஐந்தரை மணியளவில் ஒரு பெண்குதிரை முன்னால் வந்தது. கரும்பழுப்பு. பிடரி மயிரில் நெருஞ்சி முள் ஒட்டிச் சடை விழுந்திருந்தது. லாடம் காணாத குளம்பின் ஓரம் கல்லில் உரசி உடைந்திருந்தது. அது குனிந்து ஒரு தரம் உறிஞ்சிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது; தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. பிறகுதான் மற்றவை வந்தன. கூட்டத்துக்குக் கடைசியில் ஆண்குதிரை, குடிக்காமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு. அரை மணி நேரம். ஒரு குட்டி குடிப்பதும் தாயின் மடியில் முட்டுவதுமாக இருந்தது. நான் எடுத்தது நாலே படம்.

அடுத்த தரம் மருமகள் வந்தபோது அந்தக் கேணிக்குத்தான் கூட்டிப் போனேன்.

கரட், பாண், பிஸ்கட்

கொடுக்காதீர்கள். உணவுக்குப் பழகிய குதிரை வண்டிக்குப் பின்னால் வரத் தொடங்கும், கொடுக்காவிட்டால் கடிக்கும். நீங்கள் போட்டுவிட்டு வரும் பொலித்தீன் பையில் உப்பு மணம் இருந்தால் அதையும் சேர்த்துத் தின்னும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலில் அடைத்தால் வலியில் உருண்டு உருண்டு சாகும். அந்த வெளியின் ஒரு பகுதியை உள்ளடக்கி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். இது சட்டம் சம்பந்தப்பட்ட விடயமும்கூட.

வரலாற்றை ஒரு வரியில் முடிப்பது

"ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போன குதிரை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். குதிரை வளர்ப்பு போர்த்துக்கேயர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் பசுத்தீவு என்று பொருள்படுவது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் ஊர் டெல்வ்ற் பெயரை இதற்கு இட்டு, வளர்ப்பைப் பெருக்கினார்கள். அதன் பிறகு பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற ஐரிஷ்காரர் தீவுக்குப் பொறுப்பாக இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆக மூன்று ஆட்சிகளின் கை இதில் இருக்கிறது. லாயத்துத் தூண்களுக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சாராப்பிட்டிக் கிணறுகளையும் காட்டுங்கள். சுற்றிலும் உவர்த்தண்ணீர் உள்ள தீவில் நல்ல தண்ணீர் ஊறும் இடம் அது. குதிரை வளர்க்க ஏன் இந்தத் தீவால் முடிந்தது என்பது அந்தக் கிணற்றடியில் நின்றால் விளங்கும்.

காற்றை விசாரிக்காமல் புறப்படுவது

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று. லோஞ்ச் ஆடும், வயிறு பிரட்டும். மழைக்கால வாடையில் கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடவே ஓடாது. தீவில் அகப்பட்டால் அகப்பட்டதுதான். தை, மாசி நல்ல காலம். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் உடம்பு வைத்திருக்கும். லோஞ்ச் நேரத்தை முதல் நாளே துறையில் விசாரியுங்கள். விமானத்துக்கு முந்திய நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்கவே வேண்டாம்.

முதுகைப் பார்க்காமல் ஏறுவது

நுவரெலியா வாவிக்கரையிலும் தெற்கு, மேற்குக் கடற்கரைகள் சிலவற்றிலும் காசு கொடுத்துக் குதிரை ஏறலாம். ஏறும் முன் சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தாலோ, மயிர் உதிர்ந்து வெள்ளையாகத் தழும்பு தெரிந்தாலோ ஏறாதீர்கள். விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தாலும் ஏறாதீர்கள். நடக்கவிட்டுப் பாருங்கள், ஒரு காலை வைக்கும்போது தலை மேலே எழும்பினால் அந்தக் காலில் வலி இருக்கிறது. பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. பிள்ளை ஏறலாம், தகப்பன் பக்கத்தில் நடக்கட்டும். கடற்கரையில் என்றால் காலை ஒன்பதுக்கு முன் அல்லது பின்னேரம் நாலுக்குப் பின்.

ஒருமுறை என் வானில் வந்த ஒரு அக்கா, புண் இருந்த குதிரையைப் பார்த்துவிட்டு, "ஏறேல்ல, ஆனா அரை மணித்தியாலக் காசை எடுங்கோ, அதைத் தண்ணி குடிக்க விடுங்கோ" என்று கொடுத்துவிட்டு வந்தார்.

பெரிய நோட்டு

தீவில் மாற்றக் கஷ்டம். சில்லறை கொண்டு போங்கள்.

லோஞ்ச் தவறினால் வீட்டுக்குத் திரும்புவது

நெடுந்தீவு லோஞ்சைத் தவறவிட்டால் அந்த நாள் வீண் என்று நினைக்காதீர்கள். அதே துறையில் நயினாதீவுப் படகு நிற்கும். இருபது நிமிடப் பயணம். எல்லோரும் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குதிரை தேடி வந்த நீங்கள் பார்க்க வேண்டியது கோயில் வளவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அப்புறம், சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. ஆனால் யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் அரசன் எடுப்பது நாலில் ஒரு பங்குதான். மூன்று பங்கை உடையவனுக்கே விட்டுவிடுகிறான். குதிரை கொண்டுவருகிறவன் இந்தக் கடலுக்குப் பயந்து வராமல் விட்டுவிடக் கூடாதே என்ற கவலை அந்தக் கணக்கில் தெரிகிறது. போர்த்துக்கேயர் வர இன்னும் முந்நூறு வருடத்துக்கு மேல் இருந்தது.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்துகள் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.