மட்டக்களப்பு வளவுக்குச் செயற்கைப் புல்: அசல் போலத் தெரிவதைத் தேர்ந்து பதிப்பது எப்படி?

கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே ஆகப் பச்சையாக, ஆக உயரமாக, பளபளவென்று இருக்கிற புல்தான் எல்லோருடைய கையையும் இழுக்கும். அதையே மத்தியான வெயிலில் முற்றத்தில் விரித்தால் பொலித்தீன் பாய் போல மின்னும். தெருவால் போகிறவருக்கும் அது பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும்.

அசல் புல்லைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நம் பக்கம் வீடுகளில் பதிக்கிற மலேசியன் புல்லாகட்டும், தானாக முளைத்த அறுகாகட்டும், ஒரே பச்சையாக இருக்காது. நுனியில் இளம்பச்சை, நடுவில் கரும்பச்சை, அடியில் காய்ந்து போன வைக்கோல் நிறம். நல்ல செயற்கைப் புல் என்றால் இந்த அழுக்குத்தனத்தையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டும்.

1. புல்லுக்கு முன் இடம்

முதலில் மண்ணைப் பாருங்கள். எழுவான்கரையில், அதாவது கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கம், மணல். தண்ணீர் உடனே இறங்கும், புல்லின் ஓரத்தைப் பிடிக்க அடிக்கிற ஆணி நிற்காது. படுவான்கரையிலும் சம்மாந்துறை வயலோர வளவுகளிலும் களி. அங்கே ஆணி நிற்கும், தண்ணீர்தான் இறங்காது. அடித்தள வேலை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது.

அடுத்தது வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த வளவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாரியில் வருடா வருடம் தண்ணீர் கட்டுகிற பள்ளம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வண்டல் ஏறின செயற்கைப் புல்லைக் கழுவி எடுப்பது லேசான வேலை இல்லை.

பிறகு வெயில். கச்சான் காலத்து மத்தியானத்தில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டலாம். வெறுங்காலை வைக்க முடியாது. தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம்தான் தணியும். பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்றால் மாமர நிழலோ, மேலே கட்டிய நிழல்வலையோ கட்டாயம்.

2. மாதிரித் துண்டை எப்படிப் பார்ப்பது

மூன்று நான்கு வகைகளில் வகைக்கொரு சிறிய துண்டு கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுக்கிற கடையில் றோல் வாங்க வேண்டாம். துண்டுகளை முற்றத்தில், புல் வரப்போகிற அதே இடத்தில் போட்டு, விறாந்தையில் நின்று காலை, மத்தியானம், மாலை மூன்று நேரமும் பாருங்கள்.

மினுக்கம்: மத்தியான வெயிலில் வெள்ளைக் கோடு போல மின்னுகிற இதழ் (ஒற்றைப் புல் நூல்) தோல்வி. மங்கலாக, மெழுகு தேய்த்த இலை போல இருக்க வேண்டும்.

அடிச்சுருள்: புல்லை விரலால் பிரித்தால் அடியில் மண்ணிறத்தில் அல்லது வைக்கோல் நிறத்தில் சுருண்ட நூல் தெரியும். இதை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண் ஏமாறுவது பாதிக்கு மேல் இதனால்தான். நிமிர்ந்த இதழ்களைத் தாங்கிப் பிடிப்பதும் இந்தச் சுருள்தான். சுருள் பச்சையாக மட்டும் இருந்தால் தூரத்தில் விளையாட்டு மைதானம் போலத் தெரியும்.

நிறம்: குறைந்தது இரண்டு பச்சையும் ஒரு மண்ணிறமும். நீலம் கலந்த பச்சை நம் ஊர் வெளிச்சத்தில் ஒட்டாது. மஞ்சள் ஓடின பச்சை ஒட்டும்.

உயரம்: முற்றத்துக்கு 30 முதல் 35 மில்லிமீற்றர் போதும். 40க்கு மேல் போனால் கடையில் பஞ்சு மெத்தை போல இருக்கும், நடக்கிற வழியில் படுத்துவிடும். மாடி பல்கனிக்கு 20 போதும். 10 மில்லிமீற்றர்ப் புல் என்ன செய்தாலும் மிதியடி போலத்தான் இருக்கும்.

இதழின் வடிவம்: ஓர் இதழைப் பிடுங்கி நுனியிலிருந்து அடிக்குப் பாருங்கள். வெறும் தட்டையான நாடா என்றால் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும், ஒருமுறை மடங்கினால் எழும்பாது. நடுவில் நரம்போ, வளைவோ இருந்தால் ஒளி சிதறும், மிதித்தாலும் நிமிரும். சோதித்துப் பார்க்க, துண்டின் மேல் ஓர் இரவு முழுக்க அரிசி மூட்டையை வையுங்கள். காலையில் எடுத்துக் கையால் எதிர்ப்பக்கம் இரண்டு தரம் தடவி, ஒரு மணி நேரம் விடுங்கள். அப்போதும் மூட்டையின் தடம் தெரிந்தால் அந்த வகையைக் கழித்துவிடுங்கள்.

நூல் எதில் செய்தது என்றும் கேளுங்கள். நிமிர்ந்த இதழ் பொலிஎதிலீன், அடிச்சுருள் பொலிப்ரோப்பிலீன் என்பது வழக்கமான சேர்க்கை. இதழே பொலிப்ரோப்பிலீன் என்றால் விலை குறைவு, ஆனால் சொரசொரப்பாக இருக்கும், சீக்கிரம் படுத்துவிடும். பிள்ளைகள் உள்ள வீடானால் ஈயம் இல்லை என்ற பரிசோதனை அறிக்கையையும் கேட்டுப் பார்க்கலாம். 2008இல் அமெரிக்காவில் சில பழைய நைலோன் புல்தரைகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது.

3. எண்ணுங்கள், நிறுங்கள்

"அடர்த்தியான புல்" என்று கடைக்காரர் சொல்வதை ஒரு அடிமட்டத்தால் சரிபார்க்கலாம். புல்லைப் பிரித்து 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை தையல் வரிசை என்று எண்ணுங்கள். பிறகு ஒரு வரிசை வழியே 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை குஞ்சம் (ஒரு தையலில் எழும்புகிற நூல்கொத்து) என்று எண்ணுங்கள். இரண்டையும் பெருக்கி, நூறால் பெருக்கினால் சதுர மீற்றருக்கு எத்தனை குஞ்சம் என்று வரும். வரிசைக்கு வரிசை முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி விட்ட புல்லில் பத்தரை வரிசை அளவில் வரும். குஞ்சம் 16 என்றால் 16,800. முற்றத்துக்கு இது நல்ல கணக்கு. 12,000க்குக் கீழே போனால் துண்டை வளைத்தவுடன் கறுப்பு அடித்துணி பல்லிளிக்கும்.

20க்கு 20 சென்ரிமீற்றர் துண்டைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, வருகிற கிராமை 25ஆல் பெருக்குங்கள். 35 மில்லிமீற்றர்ப் புல் சதுர மீற்றருக்கு 2 கிலோவை ஒட்டியோ, கூடவோ இருப்பது நல்லது. இதில் ஒரு பொறி உண்டு. அடியில் பூசுகிற லேட்டக்ஸில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டினாலும் எடை ஏறும், புல் ஏறாது. அதனால் எண்ணாமல் நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

டிடெக்ஸ் என்ற எண்ணையும் காட்டுவார்கள். 10,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஒருவர் இதழை மட்டும் கணக்கிடுவார், இன்னொருவர் அடிச்சுருளையும் சேர்த்துச் சொல்வார். அதை வைத்து இரண்டு கடைப் புல்லை ஒப்பிடப் போனால் குழப்பம்தான்.

4. இழுத்து, நனைத்துப் பார்க்க

ஒரு குஞ்சத்தை விரலில் சுற்றிப் பலமாக இழுங்கள். வெட்டின ஓரத்தில் ஓரிரு நூல் உதிர்வது வழமை. நடுவில் குஞ்சம் முழுதாகக் கையோடு வந்தால் அடிப்பூச்சு பலவீனம்.

துண்டை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் அடித்துணியின் மூலையை நகத்தால் கிளப்புங்கள். மலிவான லேட்டக்ஸ் மெத்தென்று ஊறி உரியும். நம் மாரியில் அந்தப் புல் நிற்காது. கொஞ்சம் விலை கூடினாலும் பொலியூரித்தேன் பூச்சு ஈரத்துக்குத் தாங்கும். அடித்துணியில் ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு ஒரு வடிதுளை இருக்க வேண்டும். பல துண்டுகளில் துளையைப் பூச்சே அடைத்திருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வெயிலில் நிறம் போகுமா என்பதை வீட்டில் சோதிக்க வழியில்லை. எழுத்தில் உத்தரவாதம் வாங்குங்கள்: எத்தனை வருடம், நிறம் மங்குவதும் அடங்குமா, வெப்ப நாடுகளுக்கும் பொருந்துமா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

5. அளவும் றோலும்

றோல் பெரும்பாலும் 2 மீற்றர் அகலம், அதாவது 6 அடி 6¾ அங்குலம். இதை மறந்து வளவை அளந்தால் காசு கரையும். 20க்கு 14 அடி முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டை போட்டால் 13 அடி சொச்சம்தான் வரும். மிச்சம் ஓர் அடிக்காக மூன்றாவது பட்டை வாங்கினால், 280 சதுர அடி இடத்துக்கு ஏறக்குறைய 400 சதுர அடி வாங்க வேண்டும். மதிலோரம் ஓர் அடியைக் குரோட்டன் பாத்தியாக விட்டுவிட்டு, இருபதரை அடி நீளத்தில் இரண்டு பட்டை எடுத்தால் 270 சதுர அடிக்குள் முடியும். மதில் ஓரத்தில் உண்மையான செடி நிற்பது புல்லையும் உண்மையாகக் காட்டும். எல்லாப் பட்டையும் ஒரே றோலிலிருந்து வர வேண்டும். றோல் மாறினால் பச்சையும் மாறும்.

6. அடித்தளம்

கீழே உள்ள கணக்கு 13க்கு 20 அடிக்கு.

மேல்மண்ணை மூன்று அங்குலம் வெட்டி எடுங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு தோண்டி, இரண்டு கிழமை விட்டு, திரும்ப முளைப்பதையும் தோண்டுங்கள். கோரையின் கூர்முளை துணியையே குத்திக்கொண்டு வரும்.

வெட்டிய தரையில் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். மணலில் இது சல்லியைப் புதையாமல் காக்கும். களியில் சேறு மேலே ஏறாமல் தடுக்கும். மேலே முக்கால் அங்குலச் சல்லி இரண்டு அங்குலம், அதற்கு மேல் கல்தூள் ஓர் அங்குலம். இறுகும்போது குறைவதையும் சேர்த்தால் சல்லி அரைக் கியூப் சொச்சம், கல்தூள் கால் கியூப் சொச்சம் (ஒரு கியூப் 100 கன அடி). ஒவ்வொரு அடுக்கையும் இலேசாக நனைத்துக் கொம்பக்டரால் இறுக்குங்கள். சிறிய இடம் என்றால் திமிசுக்கட்டை போதும்.

வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக எட்டு அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விடுங்கள். களிநிலம் என்றால் வாட்டம் முடிகிற இடத்தில் ஒரு வடிகான் வேண்டும். தளத்தின் மேல்முகம் பக்கத்துப் பாதையைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். புல் நுனி பாதையோடு ஒட்டி வரும். மட்டப்பலகையை இழுத்துப் பார்த்து, பள்ளம் மேடு எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒரு சிரட்டை அளவு பள்ளம்கூட மாலை வெயிலில் நிழலாகத் தெரியும்.

மணல் வளவில் ஓரத்தைச் சுற்றி நான்கு அங்குல அகலத்தில் செங்கல் வரிசை ஒன்றைச் சீமெந்தில் பதித்து, அதன் மேல் புல்லின் ஓரத்தை ஒட்டுங்கள். களியில் ஆறு அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய) ஆணி, ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு ஒன்று. உப்புக் காற்று புல்லை ஒன்றும் செய்யாது, சாதாரண ஆணியைத் தின்றுவிடும்.

7. திசையும் மூட்டும்

றோலை விரித்து வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள், சுருக்கம் தளரும். பிறகு உள்ளங்கையால் தடவுங்கள். வழுவழுவென்று போகிற திசைதான் புல் சாய்கிற திசை. அந்தச் சாய்வு விறாந்தையை, அதாவது பார்க்கிறவரை நோக்கி இருக்க வேண்டும். அப்போது நுனியும் அடிச்சுருளும் சேர்ந்து தெரியும். மறுபக்கம் திருப்பினால் இதழின் முதுகுதான் தெரியும், மினுக்கமும் கூடும். ஒரு பட்டையைத் தவறுதலாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பட்டையும் இரண்டு நிறமாகத் தெரியும். பதிக்கிறவர்கள் துண்டு மிச்சப்படுத்தப் பார்க்கும்போது நடக்கிற பிழை இது.

மூட்டில்தான் குட்டு வெளிப்படும். சேருகிற இரண்டு ஓரத்திலும் இரண்டு மூன்று தையல் வரிசையை அடிப்பக்கமிருந்து கட்டர் கத்தியால் வெட்டி எடுங்கள், இதழ் வெட்டுப்படக் கூடாது. இரண்டு துண்டையும் சேர்த்து வைக்கும்போது இந்தப் பக்கத்துக் கடைசி வரிசைக்கும் அந்தப் பக்கத்து முதல் வரிசைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, புல்லின் மற்ற வரிசைகளின் இடைவெளி எவ்வளவோ அவ்வளவே இருக்கட்டும். கூடினால் கறுப்புக் கோடு, குறைந்தால் முகடு. சரியாக வந்ததும் ஓரங்களை மடித்து, ஓர் அடி அகல மூட்டுப் பட்டியைக் கீழே விரித்து, பொலியூரித்தேன் பசை பூசி இறக்குங்கள். இதழ் பசையில் சிக்காதபடி விரலால் மேலே தட்டிவிடுங்கள். மேலே மணல் மூட்டைகளை வரிசையாக வைத்து ஒரு நாள் விடுங்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டாம், ஈர அடித்துணியில் பசை பிடிக்காது.

8. நிரப்பு மணல்

பதித்து முடித்த புல்லுக்குள் தூவுகிற மணல் இது. சதுர மீற்றருக்கு 5 கிலோ வீதம் அதே 13க்கு 20 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 24 சதுர மீற்றருக்கு, 120 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டரை. உருண்டை மணியான சிலிக்கா மணல் நல்லது. கிடைக்காவிட்டால் கழுவி, அரித்து, நன்றாகக் காயவைத்த ஆற்றுமணல். கடற்கரை மணல் வேண்டாம். உப்பும் சிப்பியும் கலந்திருக்கும், அனுமதியின்றி அள்ளுவதும் குற்றம். மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் சாய்வுக்கு எதிராகத் தும்புத்தடியால் கூட்டுங்கள். மணல் அடிக்கு இறங்கி இதழை நிமிர்த்திப் பிடிக்கும், புல் சுருங்கி எழும்பாமல் பாரமும் கொடுக்கும்.

பிறகு கெடுப்பவை

நெருப்புத்தான் முதல் எதிரி. பொலிஎதிலீன் 110 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். தைப்பொங்கல் அடுப்பு, சிரட்டைக் கரி, பட்டாசு, நுளம்புச் சுருள் எல்லாம் புல்லுக்கு வெளியே. எதிரே கண்ணாடி யன்னலில் பட்டுத் திரும்புகிற வெயிலும் ஒரே இடத்தில் குவிந்தால் புல்லைச் சுருட்டிவிடும். அங்கே யன்னலுக்கு வெளியே நிழல்வலை கட்டுங்கள்.

வேம்பும் முருங்கையும் உதிர்க்கிறதை ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டலாம், அழுத்தாமல். கேட்டை மூடி வையுங்கள். தெருவில் திரிகிற ஆடு புல்லைப் பார்த்து ஏமாந்தால் உங்கள் தெரிவு நல்லதென்று அர்த்தம், ஆனால் அது ஒரு வாய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏமாந்ததை உணரும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறிய வேண்டாம். ஒன்றை வீட்டுப் பின்பக்கம் வெயிலில் கிடக்க விடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓர் இடம் கருகினால் ஒட்டுப்போட, அதே அளவு மங்கின துண்டு கையில் இருக்கும்.