ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையால் முடி கொட்டுகிறதா? மாத்திரையை நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

இதய வால்வு மாற்றிய பிறகோ, காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் கட்டியதாலோ, இதயம் சீரற்றுத் துடிப்பதாலோ ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கிய சிலருக்கு, இரண்டு முதல் நான்கு மாதங்கள் கழித்துச் சீப்பிலும் தலையணையிலும் முடி கொத்தாகத் தென்படும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளிலும் ஹெப்பாரின் வகை ஊசிகளிலும் இது நெடுங்காலமாக அறியப்பட்ட பக்கவிளைவு. பின்னர் வந்த ரிவரோக்ஸபான், அபிக்சபான், டாபிகட்ரான் ஆகியவற்றைச் சாப்பிடுவோரிடமும் இது காணப்பட்டிருக்கிறது.

முதலில் ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ளுங்கள்: முடிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ, ஒரு வேளை விட்டுவிட்டுச் சாப்பிடவோ கூடாது. இவ்வகை உதிர்வில் முடியின் வேர் அழிவதில்லை என்பதால் அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் செயற்கை வால்வில் கட்டும் ரத்தமும் மூளைக்குச் செல்லும் ரத்தக்கட்டியும் அப்படி அவகாசம் தருவதில்லை. ரிவரோக்ஸபான் போன்றவற்றின் பாதுகாப்பு ஓரிரு நாளிலேயே நீங்கிவிடும்.

அடுத்து, நாட்காட்டியை எடுத்து உதிர்வு தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கிச் செல்லுங்கள். தலைமுடியில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டிருக்க, சிறு பகுதி ஓய்வில் இருக்கும். உடலுக்கு ஏதேனும் அதிர்ச்சி நேரும்போது வழக்கத்தைவிட அதிகமான முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கிறது. ஆகவே அந்த மாதத்தில் மருந்து மட்டும் தொடங்கியதா, அல்லது பெரிய அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைவு என வேறொன்றும் நடந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அறுவையே காரணமாக இருக்கலாம் என்பதை மாத்திரையின் மீது பழி போடுவோர் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்தை ஒட்டி ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்ட தாய்மாருக்கும் இதே குழப்பம் நேரும்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகளும் முடியை உதிர்க்கலாம். சீரற்ற துடிப்புக்குத் தரப்படும் அமியோடரோன், தைராய்டைப் பாதிப்பதன் வழியே அதைச் செய்யலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். ஃபெரிட்டினை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இம்மருந்துகளைச் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறையலாம், அந்தக் குறையே முடி உதிர்வைத் தூண்டலாம். போக்கு அதிகமாக இருந்தால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருந்தை மாற்ற முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். சீரற்ற இதயத் துடிப்பு உள்ள பலருக்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், இதயத்தின் ஈரிதழ் (மைட்ரல்) வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் வகையே ஏற்றது. அங்கே மருத்துவர் மறுத்தால் அது அலட்சியம் அன்று. வார்ஃபரின் வகையிலிருந்து மாற்றும்போதும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்த்தே புதிய மருந்தைத் தொடங்குவார்கள்.

கடையில் முடிக்கென்று விற்கும் மாத்திரைகளைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில சத்து மாத்திரைகளில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். வைட்டமின் ஈ அதிக அளவில் ரத்தக்கசிவைக் கூட்டலாம். பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம். முடி வளரும் என்று திடீரென்று தினமும் முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் இறங்கி, ரத்தம் எளிதில் உறையக்கூடும். கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். முடி வளரத் தரப்படும் மினாக்சிடில் மாத்திரை உடலில் நீரைத் தேக்கும் என்பதால், இதய நோயாளிகள் அதை இதய மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

வீட்டில் இறுக்கமான பின்னலையும் ஈரத்தோடு சீவுவதையும் தவிர்த்து, மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படமெடுத்து வையுங்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலோ இது வேறு நோய். தோல் மருத்துவரைப் பாருங்கள். தூண்டிய காரணம் நீங்கிய பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் வகிட்டின் ஓரத்தில் குட்டை முடிகள் எழும்பும். பழைய அடர்த்தி திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.