கம்யூனிட்டி காலேஜ்ல ஆர்ட் படிக்கப் போறீங்களா? சூளைய சீக்கிரம் செலவழிச்சுடாதீங்க

கலிபோர்னியால ஒரு கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிப் போகக்கூடிய அரசு காலேஜ்) செராமிக்ஸ் லேப்ல, அதாவது களிமண்ல பானை செய்யற இடத்துல, இப்ப நான் அசிஸ்டென்ட். சூளை ஏத்தறது, இறக்கறது, கிளேஸ் (பானை மேல பூசற பளபளப்புப் பூச்சு) கலக்கறது, மத்தவங்க கழுவாம போன சிங்க்க கழுவறதுன்னு பொழப்பு ஓடுது. இதே மாதிரி ஒரு காலேஜ்லதான் நானும் படிச்சேன், அதனால ஒவ்வொரு ஆகஸ்ட்டும் புதுசா வர்ற பசங்க நான் விழுந்த குழிலயே வரிசையா வந்து விழறத பாக்கறப்ப வயிறு எரியுது. லேட்டா வராதீங்க, ஏப்ரன் கொண்டு வாங்க மாதிரி விஷயமெல்லாம் சிலபஸ்லயே இருக்கு, அத விட்டுடறேன்.

"டிரான்ஸ்ஃபர் ஆகும்"ங்கிற வார்த்தைய நம்பறது

எனக்கு ஒரு வருஷத்த தின்ன தப்பு இது. இன்னிக்கும் நெனச்சா கடுப்பாகுது.

கேட்லாக்ல கோர்ஸ் பேருக்குக் கீழ சின்னதா போட்டிருக்கும், யு.சி., சி.எஸ்.யு.க்கு (மாநிலத்தோட ரெண்டு அரசு யூனிவர்சிட்டி அமைப்புங்க) டிரான்ஸ்ஃபர் ஆகும்னு. சரி, எத எடுத்தாலும் கணக்குல வந்துடும்னு நெனச்சு செராமிக்ஸ் ஒண்ணு, ரெண்டு, ஹேண்ட் பில்டிங், கிளேஸ் கிளாஸ், நடுவுல ஆசைக்கு பிரிண்ட்மேக்கிங், ஒரு ஆக்டிங் கிளாஸ்னு இஷ்டத்துக்கு எடுத்தேன். இந்த மாநிலத்துல குடியிருக்கறவங்களுக்கு கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்தான், 2012ல இருந்து அதே ரேட்டு, அப்ப 3 யூனிட் கோர்ஸுக்கு வெறும் 138. சல்லிசா கிடைக்குதேன்னு சந்தைல பை நிறைய கத்திரிக்கா வாங்கிட்டு வந்து, வீட்டுல பாத்தா சாம்பாருக்கு பருப்பு இல்லங்கிற கதை.

டிரான்ஸ்ஃபர் ஆகும்னா யூனிட் போய்ச் சேரும், அவ்ளோதான். உங்க மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, வேண்டிய கோர்ஸா அத எடுத்துப்பாங்களாங்கிறது வேற கேள்வி. பதில் அசிஸ்ட் வெப்சைட்ல இருக்கு, உங்க காலேஜ், போக நெனக்கற யூனிவர்சிட்டி, மேஜர் மூணையும் போட்டா எதுக்கு எது ஈடுன்னு பட்டியல் வரும், காசு கிடையாது, லாகின் கூட வேண்டாம். நான் அத முதல்முதலா திறந்தது மூணாவது செமஸ்டர்ல, அக்டோபர் மாசம், அப்ளிகேஷன் போட உக்காந்தப்ப.

ஸ்டுடியோ ஆர்ட்ஸுக்கு பெரும்பாலான இடத்துல சுத்தி சுத்தி கேக்கறது ஒரே அடிப்படைதான்: டிராயிங், டூ-டி டிசைன், த்ரீ-டி டிசைன், ஆர்ட் ஹிஸ்டரி. சி.எஸ்.யு. போறதுக்குன்னே இருக்கற ஏ.ஏ.டி.ங்கிற ரெண்டு வருஷ டிகிரிலயும் கோர் இதேதான். நாலுல ஒண்ணு கூட என்கிட்ட இல்ல. இதுல இன்னொரு கொடுமை, பொதுப்பாடத்துல ஆர்ட்ஸுன்னே ஒரு ஏரியா இருக்கு, அதுக்கு ஸ்டுடியோ கிளாஸ பெரும்பாலும் சேத்துக்க மாட்டாங்க, ஆர்ட் ஹிஸ்டரி மாதிரி எதாவது வேணும். மூணு செமஸ்டரா களிமண் பிசைஞ்சவளுக்கு ஆர்ட்ஸ் ஏரியா காலி! ஒரு ஆர்ட் ஹிஸ்டரி கிளாஸ் எடுத்திருந்தா மேஜர், பொதுப்பாடம் ரெண்டுக்கும் சேந்து உதவியிருக்கும். (பொதுப்பாட பட்டியலும் 2025ல கேல்-கெட்சின்னு புதுசா மாறிடுச்சு, அதனால சீனியர் சொன்ன பழைய லிஸ்ட்ட வச்சுட்டு உக்காராதீங்க.)

சரி, எப்படியும் ஒரு வருஷம் கூடப் போகுது, போர்ட்ஃபோலியோவுக்காவது (அப்ளிகேஷனோட காட்டற படைப்புத் தொகுப்பு) நல்லதா நாலு பானை செஞ்சுக்கலாம்னு திரும்ப செராமிக்ஸ்ல சேரப் போனேன். சிஸ்டம் உள்ளயே விடல. பாஸ் பண்ணின கிரெடிட் கிளாஸ திரும்ப எடுக்க முடியாது. ஒரு காலத்துல ஒரே ஸ்டுடியோ கிளாஸ திரும்பத் திரும்ப எடுத்தவங்க உண்டு, 2013 வாக்குல மாநிலமே விதிய இறுக்கிடுச்சு, இப்ப ஒரே வகை ஸ்டுடியோ கோர்ஸ்ல மொத்தம் நாலுதான். நான் நாலையும் முதல்லயே தின்னு தீத்தாச்சு. கிளாஸ்ல பேர் இல்லன்னா லேப் கிடையாது, லேப் இல்லன்னா சூளை ஏது? கடைசில போர்ட்ஃபோலியோவுல போனது முதல் வருஷத்து கோணல் கிண்ணங்க, அதுவும் கிச்சன் டேபிள்ல டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த போட்டோ.

அதனால அடிப்படை கிளாஸ முதல் ரெண்டு செமஸ்டர்ல முடிங்க. பிடிச்ச மீடியம்ல கடைசி லெவல பத்திரமா வச்சுக்கோங்க. யு.சி. அப்ளிகேஷன் அக்டோபர், நவம்பர்ல போடணும், அப்ப அதுக்கு முந்தின ஸ்பிரிங் செமஸ்டர்லயே பானை சூளைய விட்டு வந்திருக்கணும். லெவல் தீந்து போச்சுன்னா உங்க காலேஜ்ல நான்-கிரெடிட் கிளாஸ் (யூனிட் கிடைக்காத கிளாஸ்) இருக்கான்னு கேளுங்க, அத திரும்ப எடுக்கலாம்.

போன மாசம் நம்மூர்ப் பையன் ஒருத்தன் வந்து, "அக்கா, வீல் நல்லா செட் ஆகுது, அடுத்த லெவலையும் இப்பவே எடுத்துடவா"ன்னான். அசிஸ்ட் பாத்தியாடான்னேன். "அது எதுக்குக்கா, அதான் டிரான்ஸ்ஃபர் ஆகும்னு போட்டிருக்கே." கையில இருந்த ஸ்பஞ்ச அவன் மேல எறியல, அவ்ளோதான்.

வெளிய வாங்கின மண்ண லேப் சூளைல வைக்கறது

எங்க லேப்ல கிளேஸ் சுடறது கோன் 10 (சூளைச் சூட்டோட அளவு), கிட்டத்தட்ட 1300 டிகிரி செல்சியஸ். கடைல தள்ளுபடில கிடைக்கற லோ-ஃபயர் மண்ணு 1050 பக்கம் சுட வேண்டியது. படிக்கறப்ப நான் அப்படி ஒரு மூட்டைய வாங்கி குவளை செஞ்சு, யார்கிட்டயும் சொல்லாம ஷெல்ஃப்ல வச்சேன். சூளைய திறந்தா குவளைய காணோம், ஷெல்ஃப்ல பழுப்பா ஒரு அடை ஒட்டிட்டு இருக்கு. பக்கத்துல இருந்தவரோட டீபாட்டும் அதுல காலூனி நிக்குது. ஒரு சனிக்கிழமை முழுக்க கிரைண்டரோட உக்காந்து ஷெல்ஃப தேச்சேன். டீபாட்காரர் அந்த செமஸ்டர் முழுக்க என்கிட்ட பேசல.

ஈரத்தோட சுடறது

பானைய கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா இன்னும் காயல. உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி வெடிக்கும், பக்கத்து பானையும் சேந்து போகும்.

ஒரே செமஸ்டர்ல நாலு ஸ்டுடியோ கிளாஸ்

3 யூனிட்டுன்னு போட்டிருந்தாலும் ஸ்டுடியோ கிளாஸ் பல இடத்துல வாரம் 6 மணி நேரம். நாலு எடுத்தா 24. வேலைக்கு எப்ப போவீங்க?

டபிள்யூ தானேன்னு டிராப் பண்றது

கிளாஸ நடுவுல விட்டா மார்க்குக்குப் பதிலா விழறதுதான் டபிள்யூ. அதுவும் ஒரு அட்டெம்ப்ட். ஒரு கோர்ஸுக்கு மொத்தமே மூணுதான்.

லைஃப் டிராயிங்ல போன்

ஆடையில்லாத மாடல பாத்து வரையற கிளாஸ் அது. எடுக்காதீங்க.

டிகிரி இருந்தா ஆடிஷன் வேண்டாம்னு நெனக்கறது

தியேட்டர் பசங்க பேச ஆரம்பிச்சாலே டாம் ஹேங்ஸ் ஹேவர்டுல சபோ காலேஜ்ல படிச்சவர்தானேம்பாங்க. உண்மைதான், அங்கிருந்து சேக்ரமென்டோ ஸ்டேட்டுக்குப் போனார். ஆனா உங்க ஏ.ஏ.டி. டிகிரி உறுதி பண்றது சி.எஸ்.யு.ல எங்கயோ ஒரு சீட்டு மட்டும். நீங்க ஆசைப்படற கேம்பஸ், ஆசைப்படற புரோகிராம் தர்றதில்ல. ஆடிஷன் கேக்கற இடத்துல ஆடிஷன் குடுத்தே ஆகணும், முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணின மோனோலாக் முதல் பத்து செகண்ட்லயே காட்டிக் குடுத்துடும்.

ஸ்ட்ரைக்குக்கு நிக்காம ஓடறது

கடைசி ஷோ முடிஞ்சு செட்ட பிரிக்கற ராத்திரி அது. யார் டிரில்ல எடுத்தா, யார் பூக்கொத்தோட பின்வாசல் வழியா நழுவினான்னு மேல லைட் பூத்ல நிக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும். அடுத்த ஷோவுக்கு ஆள் எடுக்கறப்ப அவங்களையும்தான் கேப்பாங்க.