வெளிநாட்டில் எம்பிபிஎஸ்: பணம் கட்டும் முன் படிப்படியாக முடிவெடுப்பது எப்படி?

நீட் ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஏஜென்ட்களின் போன் வர ஆரம்பித்துவிடும். ஜார்ஜியா, கிர்கிஸ்தான், ரஷ்யா, உஸ்பெகிஸ்தான் என்று அடுக்குவார்கள். இன்றே முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்பார்கள். அவர்களுடைய கணக்கு பட்டத்தோடு முடிந்துவிடும். உங்கள் கணக்கு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் டாக்டராகப் பதிவு செய்யும் நாள்வரை போக வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும் அந்தப் பதிவை மனதில் வைத்தே யோசியுங்கள்.

படி 1: நீட் மதிப்பெண்ணைப் பாருங்கள்

2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். நீட் இல்லாமலே சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இங்கே கவுன்சலிங்கின் கடைசிச் சுற்று முடியும்வரை அவசரப்பட வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட் ஆஃப் கொஞ்சத்தில் தவறியிருந்தால் இன்னொரு வருடம் நீட்டுக்குப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 2: படிப்பு விதிக்குள் வருகிறதா?

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகள்தான் இதற்கு அளவுகோல். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்திலேயே 12 மாத இன்டர்ன்ஷிப்பும் முடிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். முடித்தவருக்கு அந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமம் கிடைக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப் உண்டு.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது உரிமம் பற்றிய விதி. கல்லூரி பட்டம் கொடுத்துவிடும். உரிமம் கொடுப்பது அந்த நாட்டின் மருத்துவக் கவுன்சில் மாதிரியான அமைப்பு. வெளிநாட்டு மாணவருக்கும் அது கிடைக்குமா என்று அந்த அமைப்பிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வார்டில் என்ன மொழி?

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ரஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோதான் பேசுவார். வலி எப்போது ஆரம்பித்தது, கைக்குப் பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கத் தெரியாத மாணவர், வார்டில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவார். மருத்துவத்தில் பாதி, நோயாளியிடம் பேசிக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். அந்த மொழியை முதல் இரண்டு வருடத்துக்குள் உண்மையாகக் கற்றுக்கொள்ளும் மனம் இருக்கிறதா என்று மாணவரே பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் சொல்லக் கூடாது.

அங்கே படிக்கும் சீனியர்களிடம் பேசுங்கள். முதல் வருட மாணவருக்கு ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான் தெரியும். நான்காம், ஐந்தாம் வருட மாணவரைப் பிடியுங்கள், அதுவும் ஏஜென்ட் மூலமாக இல்லாமல். ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறீர்கள், தொட்டுப் பரிசோதிக்க விடுகிறார்களா, பிரசவ வார்டில் இருந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

படி 4: எஃப்எம்ஜிஇ தேர்வு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய, திரும்பி வந்ததும் எழுத வேண்டிய தகுதித் தேர்வு இது. 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி, நெகட்டிவ் மார்க் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் 2024 ஜூன் பருவத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 21 சதவீதம்தான்.

நாடுவாரியான, கல்லூரிவாரியான தேர்ச்சி விவரத்தைத் தேசியத் தேர்வு வாரியம் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் யோசிக்கும் கல்லூரியின் பெயரை அதில் தேடுங்கள். சதவீதத்தோடு எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். நான்கு பேர் எழுதி இருவர் தேறியதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. நேபாளம், வங்கதேசக் கல்லூரிகளில் படித்தவர்கள் பொதுவாகக் கூடுதலாகத் தேறுகிறார்கள். பாடத்திட்டமும் பாடநூல்களும், நோயாளிகளிடம் பார்க்கும் நோய்களும் நம்மூரை ஒட்டியே இருக்கின்றன. செலவு அதிகமானாலும் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு.

படி 5: பணமும் வருடங்களும்

ஏஜென்ட் சொல்லும் தொகையோடு விசா, இன்சூரன்ஸ், விமான டிக்கெட், சாப்பாடு, திரும்பி வந்து சேரும் கோச்சிங் எல்லாவற்றையும் சேருங்கள். ஃபீஸ் பெரும்பாலும் டாலரில்தான். 2015-ல் 64 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2024-ல் 83-ஐத் தாண்டிவிட்டது. கடைசி வருட ஃபீஸை இன்றைய விலையில் கணக்கிடாதீர்கள்.

இங்கே ஐந்தரை வருடத்தில் முடிவது, அங்கே போனால் தேர்வும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து ஏழு, எட்டு வருடம் ஆகும். குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துத்தான் அனுப்ப முடியும் என்றால், தயவுசெய்து வேண்டாம். தேர்வில் தேறாத ஒவ்வொரு ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

படி 6: நடுவில் ஏதாவது நடந்தால்?

2022-ல் உக்ரைனில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவர வேண்டியிருந்தது. சீனாவில் படித்தவர்கள் கொரோனா காலத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பிப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தார்கள். முழுப் படிப்பும் ஒரே நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், நினைத்தபடி வேறு கல்லூரிக்கு மாறிவிட முடியாது. எல்லைச் சண்டை இருக்கும் நாடுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: முடிவு எடுத்த பிறகு

இத்தனையும் பார்த்து, சரி, போகலாம் என்று தோன்றினால் ஃபீஸைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். ஏஜென்ட்டுக்குக் கட்டணம் உண்டென்றால் அது எவ்வளவு, எதற்கு என்று தனியாக எழுதி வாங்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசலை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.