பெற்றோரை அசிஸ்டட் லிவிங்கில் சேர்க்கும் முன்: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இது இப்போது பல வீடுகளின் கதை. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். தோப்பு வீட்டில் எண்பதை நெருங்கும் அம்மா தனியாக. ஹோம் நர்ஸ் வைத்தால் நிலைத்து நிற்பதில்லை. அப்போதுதான் அசிஸ்டட் லிவிங், அதாவது முதியவர்களைத் தங்கவைத்து அன்றாட உதவி செய்யும் இல்லம் பற்றிய பேச்சு வருகிறது. கிழக்கே கோவை, மேற்கே பாலக்காடு, திருச்சூர் என்று இரண்டு பக்கமும் இடங்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் கணக்கை இந்த வரிசையில் போடுங்கள்.

படி 1: என்ன உதவி வேண்டும் என்று எழுதுங்கள்

"அம்மாவுக்கு முடியலை" என்று போய் நின்றால் அவர்கள் சொல்வதுதான் விலை. குளியல், உடை, கழிப்பறை, எழுந்து நடப்பது, சாப்பிடுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, இந்த ஆறையும் கூட இருந்து பார்த்து எழுதுங்கள். "குளிக்கிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. "தண்ணீர் விளாவி வைத்தால் தானே ஊற்றிக்கொள்வார், முதுகு தேய்க்கவும், ஈரத் தரையில் எழுந்து நிற்கவும் ஆள் வேண்டும்" என்ற அளவுக்கு வேண்டும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதையும் சேருங்கள். ராத்திரி ஆள் தேவையா என்பதில்தான் கட்டணம் பெரிதாக மாறும்.

படி 2: மாசச் செலவைப் பிரித்துப் போடுங்கள்

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் அறை வாடகையும் சாப்பாடும்தான். பராமரிப்புக் கட்டணம், மருந்து, டயப்பர், பிசியோதெரபி எல்லாம் தனி. டயப்பரை மட்டும் பாருங்கள்: ஒன்று 40 ரூபாய் என்று வைத்து, நாளைக்கு மூன்று என்றால் மாசம் 3,600 ரூபாய். ஒரு உதாரணத்துக்கு, அறையும் சாப்பாடும் 25,000, பராமரிப்பு 8,000, மருந்து 4,000, டயப்பர் 3,600 என்றால் மொத்தம் 40,600. சொன்ன விலை 25,000, கொடுப்பது நாற்பதுக்கு மேல்.

அப்புறம் இதையெல்லாம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, யார் இருப்பார்கள், அதற்கு நாளுக்கு எவ்வளவு? அந்த நாட்களுக்கும் அறை வாடகை ஓடுமா? வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள்? டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பி வரும்? ஜிஎஸ்டி உண்டா? அரசும், வருமான வரிச் சட்டப்படி பதிவு செய்த அறக்கட்டளைகளும் நடத்தும் இல்லங்களில், 60 வயசுக்கு மேற்பட்டவருக்கு மாசம் 25,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது.

படி 3: எந்தப் பணம் வராது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான மருத்துவக் காப்பீடு எதுவும் இதற்குப் பணம் தராது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற அன்றாடப் பராமரிப்புக்காகத் தங்கும் செலவு பாலிசிகளின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். 70 வயசு நிறைந்தவர்களுக்காக 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் பாரத் என்ற அரசுக் காப்பீட்டின் 5 லட்சமும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான்.

கேரளப் பக்கம் வீடு இருந்தால் ஒன்றை விசாரிக்காமல் விடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டுவதும் டியூப் மாற்றுவதும் உண்டு. வார்டு மெம்பரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேளுங்கள். சிலருக்கு இதுவும் ஒரு பகல் ஆளும் போதும், வீட்டை விட்டே போக வேண்டாம்.

படி 4: பணம் மாசாமாசம் வர வழி செய்யுங்கள்

தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் வட்டி 8.2 சதவீதம், போட்ட நாளின் வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. முழு 30 லட்சத்துக்கு மூன்று மாசத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், அதாவது மாசம் 20,500. மேலே போட்ட உதாரணத்தில் இது பாதிதான். மீதிக்கு ஓய்வூதியம், தோப்புக் குத்தகை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பங்கு. யார் எவ்வளவு என்பதை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது வீட்டை அடமானம் வைத்து அதன்மேல் பணம் வாங்குவது, எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கான கடன். வீட்டை விட்டு இல்லத்துக்கு நிரந்தரமாகப் போய்விட்டால் கடனைத் திருப்பிக் கேட்பார்கள். இந்தத் தேவைக்கு அது சரிப்படாது.

படி 5: சொத்து பெற்றோர் பேரிலேயே இருக்கட்டும்

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் பத்திரத்துக்குக் கேரளத்தில் இஷ்டதானம், தமிழ்நாட்டில் தான செட்டில்மென்ட் என்று பெயர். எதுவானாலும் இந்த நேரத்தில் அவசரமாக எழுதி வாங்குவது எனக்குச் சரியாகவே படவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "வாழ்நாள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி இருந்து, பராமரிக்காமல் விட்டால், 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். அதே சட்டத்தில் பிள்ளைகளிடம் மாசம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். அம்மா கேரளத்துச் சித்தூரிலும் மகன் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியிலும் இருந்தால், மனுவை எந்தப் பக்கத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். வழி தெரியாமல் நிற்கும் முதியவர்கள் 14567-க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

படி 6: ஒப்பந்தத்தைப் படியுங்கள், பேச்சைக் கவனியுங்கள்

நம் ஊரில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஒப்பந்தம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தெரிந்தவரை வைத்து முழுசாகப் படித்துக் கேளுங்கள், முக்கியமாக வெளியேற்றும் நிபந்தனைகளை. படுத்த படுக்கையானாலோ ஞாபக மறதி முற்றினாலோ வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள்.

இடத்தைப் பார்க்கச் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ராத்திரி ஆட்கள் பணிக்கு வருவது தெரியும், ஊட்டிவிடும் கை அவசரப்படுகிறதா என்பதும் தெரியும். ராத்திரி இருப்பவர்களில் ஒருவருக்காவது தமிழ் புரிய வேண்டும். "மாரு வலிக்குது" என்று இருட்டில் சொன்னால் அது உடனே விளங்கியாக வேண்டும்.

எல்லாம் ஒத்துவந்தால் முதலில் ஒரு மாசம் மட்டும் தங்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் மாச பில்லை உங்கள் கணக்கோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். அம்மா அங்கே இருக்கச் சம்மதிக்கிறாரா என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். தோப்பு, வீடு பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.